கூரைமேல் வைத்த கல்

ஏணியில் ஏறி வண்டியின் கூரையை எட்டிப் பார்த்த ஷிராஸ் கீழே நின்ற ராஜலிங்கத்தைப் பார்த்தான். மறுபடி கூரையைப் பார்த்தான். தலையளவு கருங்கற்கள் இரண்டு ஓரத்திலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் பழைய டயர்கள், அவற்றின் மேலும் கல்.

"ராஜண்ணே, இதெல்லாம் என்னத்துக்கு?"

"காத்துக்குத்தான் தம்பி. ஹந்தான மலைப் பக்கமிருந்து அடிக்கிற காத்து லேசுப்பட்டதா? தூக்கிட்டுப் போயிரும்ல."

"எத தூக்கிட்டுப் போகும்?"

"கூரையத்தான்."

ஷிராஸ் கராஜ் வைத்திருப்பவன். கண்டியின் அம்பிட்டிய சந்தியில் அவன் தொடாத வாகனமில்லை. கூரையில் கல் ஏற்றி வைத்த வாகனத்தை அன்றுதான் பார்த்தான். சிரிப்பு தொண்டைவரை வந்தது. ராஜலிங்கத்தின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். அந்த முகத்தில் கேலிக்கு இடமே இல்லை. அது ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்தவனின் முகம். தேயிலைத் தோட்டத்து லயனில், தகரக்கூரை வரிசை வீட்டில் பிறந்தவர் ராஜலிங்கம். தகரத்தின் மேல் கல் வைக்காமல் அங்கே ஒரு குடும்பமும் படுத்ததில்லை. கூரை என்று ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலை கல் பொறுக்குவது என்பது அவர் உடம்பில் ஊறிப்போன சங்கதி. சொந்தமாக ஒரு கூரை கிடைக்க அறுபது வயது ஆயிற்று, கிடைத்ததும் கல் பொறுக்கப் போய்விட்டார்.

"நான் செல்றத கேளுங்க. இது லயன் தகரமில்ல. வண்டியோட கூரை ஒரே ஒடம்பு. எந்தக் காத்துக்கும் போகாது. கல்லு பாரத்துல குழிஞ்சி ஈக்கிது, குழியில தண்ணி நிண்டு ஈக்கிது. ஒழுகாம ஈக்க நீங்க வெச்ச கல்லுதான் ஒழுக வெச்சீக்கிது."

ராஜலிங்கம் ஏணியின் கீழே வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். ஷிராஸ் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தான். வாங்கி வாங்கி வேலியோரமாக அடுக்கினார். ஒன்றைக்கூடத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

அது வீடும் வண்டியுமாக இருக்கிற ஒரு பெரிய வேன். உள்ளே இரண்டு கட்டில், மடக்குகிற மேசை, ஒரு அடுப்பு, கை கழுவுகிற தொட்டி, சின்னதாக ஒரு அலுமாரி. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் தம்பதி கப்பலில் கொண்டுவந்து நாடு சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பக் கொண்டுபோக வழியில்லாமல் ராஜலிங்கத்தின் முதலாளி டாக்டர் ஐயாவிடம் விற்றுவிட்டுப் போனது. டாக்டர் ஐயா அதில் நுவரெலியாவுக்கு ஒரு தடவை போனார். பிறகு அது பலாமரத்தடியில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ராஜலிங்கம் டாக்டர் வீட்டுக் கார் சாரதி. மனைவி பரிமளம் அதே வீட்டில் சமையல். கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடும்பம். பிள்ளை குட்டி இல்லை. அந்த அறையும் ஒழுகும். மழை பெய்தால் பரிமளம் எழுந்து அலுமினியப் பேசின் பாத்திரத்தைச் சொட்டுக்கு நேரே நகர்த்துவாள். சொட்டு இடம் மாறினால் பேசினும் இடம் மாறும். அந்தச் சத்தத்தில்தான் ராஜலிங்கம் இத்தனை வருஷமும் தூங்கினார்.

"பின்னால இருக்கிற துண்டுக் காணி உனக்குத்தான் ராஜா" என்று டாக்டர் ஐயா சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன், மனதாரத்தான் சொன்னார். ஆனால் சொன்னதோடு சரி. அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள், வீட்டையும் காணியையும் சேர்த்து விற்றார்கள், பலாமரத்தடி வண்டியை ராஜலிங்கத்துக்குக் கொடுத்தார்கள். நீங்கதானே இத்தனை காலமும் கழுவித் துடைச்சீங்க என்றார்கள். ராஜலிங்கம் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். பரிமளம் கும்பிடவில்லை. உள்ளே போய் உடுப்புகளை மூட்டை கட்டினாள், பேசினையும் எடுத்துக்கொண்டாள்.

"இம்புட்டு காலம் ஒழைச்சதுக்கு நிக்க ஒரு அடி மண்ணு இல்ல. நின்னுபோன வண்டி ஒன்னு. நீங்க வச்சுக்கங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

தங்கச்சி வீடு என்பது நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்து லயன் அறை. அதுவும் ஒழுகத்தான் செய்யும். ஆனாலும் அவள் போய்விட்டாள். ஷிராஸ் வண்டியைக் கட்டி இழுத்து வந்து கராஜின் பின்னால், சரிவுக்கு மேல் இருந்த சமதரையில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தான். அங்கே ராஜலிங்கம் தனியாகக் குடியேறினார்.

சண்டை போட்டுப் போனவள் போனில் மட்டும் பேசினாள். எடுத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஒழுகுதா?"

"ஒழுகுது."

"ஒழுகாம இருந்தா சொல்லுங்க. வந்து பாக்குறேன். இன்னொரு ஒழுகுற வீட்டுல குடும்பம் நடத்த எனக்குத் தெம்பில்ல."

பொய் சொல்லியிருக்கலாம். கண்டியில் மழையில்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கலாம். ராஜலிங்கத்துக்கு அந்த எண்ணம் வந்து போனதுமுண்டு. ஆனால் டாக்டர் ஐயா வாயால் சொன்ன வார்த்தையை நம்பி அவள் ஒரு தடவை மோசம் போய்விட்டாள். தன் வாயாலும் அப்படி ஒன்று நடந்துவிடக்கூடாது என்று இருந்துவிட்டார்.

கல்லை இறக்கிய மறுநாளிலிருந்து வேலை மும்முரமானது. உள்ளேயிருந்து பலகை வைத்து ஜாக் கொடுத்துக் குழிந்த இடத்தை மெல்ல மெல்ல மேலே தள்ளினார்கள். கூரையும் சுவரும் சேருகிற மூட்டுகளில் காய்ந்து வெடித்திருந்த பழைய பசையைக் கத்தியால் சுரண்டி எடுத்துப் புதுப்பசை பூசினார்கள். கூரை நடுவே காற்று வரத் திறக்கிற காற்று மூடியின் ரப்பர் மக்கிப்போயிருந்தது, அதற்கு ஷிராஸ் ஒரு பழைய பஸ் கதவின் ரப்பரை அளவாக வெட்டிக் கொண்டுவந்தான். ராஜலிங்கம் உள்ளே பலகைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டினார். அலுமாரிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். இரண்டு கட்டிலுக்கும் உறை தைக்கக் கொடுத்தார். தைத்தவன் ஒரு கட்டிலுக்குத்தானே என்று கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. "ரெண்டுக்கும்" என்றார். இன்ஜினை ஷிராஸ் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான், ராஜலிங்கம் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஊரெல்லாம் ஓட்டித் திரிந்தவருக்கு ஓடுகிற வண்டி வேண்டியிருக்கவில்லை. நனையாத கட்டில்தான் வேண்டியிருந்தது.

மழை ஒரு பின்னேரம் வந்தது. ஹந்தானையை மூடிக்கொண்டு வந்து அடித்துப் பெய்தது. ராஜலிங்கம் கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் நின்றார். மூட்டுகளைத் தடவிப் பார்த்தார், காற்று மூடியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. வெளியே உலகமே ஊறிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. வென்றுவிட்டோம் என்று கட்டிலில் உட்கார்ந்தவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேசின் சத்தம் இல்லாத மழையை அவர் அதுவரை கேட்டதில்லை. கூரைமேல் மட்டும் இரைச்சல். உள்ளே அவரும் ஒரு வெறும் கட்டிலும். பார் என்று காட்டவும் ஆளில்லை.

இன்னொரு மழையையும் பார்த்துவிட்டுத்தான் போன் எடுத்தார்.

"ஒழுகல."

"நெசமாவா?" என்றாள்.

"ரெண்டு மழ பாத்துட்டேன்."

"ஞாயித்துக்கெழம வர்றேன். பாத்துட்டு அந்தி பஸ்ஸுக்குத் திரும்பிருவேன்."

வந்தாள். கையில் ஒரு பை, கக்கத்தில் துணி சுற்றிய அலுமினியப் பேசின். ராஜலிங்கம் பேசினைப் பார்த்தார். அவள், "ஒரு இதுக்குத்தான்" என்றாள்.

அன்றைக்கென்று பார்த்து வானம் வெளுத்துக் கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கட்டிலை அழுத்திப் பார்த்தாள், தொட்டியில் தண்ணீர் திறந்து மூடினாள், அலுமாரியைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தாள். பிறகு இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, கண்ணுக்குமேல் கை வைத்துக் கூரையைப் பார்த்தாள்.

"கல்லு வைக்கலையா? காத்துக்குத் தூக்கிறாது?"

ராஜலிங்கம் வேலியோரம் அடுக்கியிருந்ததைக் காட்டினார். கதையைச் சொன்னார். பரிமளம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டார். இருவரும் எதிரெதிர்க் கட்டிலில் உட்கார்ந்து குடித்தார்கள். குடித்து முடிக்கும்போது அவள் முகம் பழையபடி ஆகியிருந்தது.

"எடம் அந்தத் தம்பியோடதுதானே?"

"ஆமா."

"அவரு எழும்பிப் போகச் சொன்னா?"

"சக்கரம் இருக்குல்ல. ஓட்டிட்டுப் போயிருவேன்."

"எங்க?"

அவர் காலிக் குவளையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். குவளைகளைக் கழுவித் துடைத்து வைத்தாள், தன் வீட்டில் வைப்பதுபோல ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து. பிறகு பையைத் தோளில் மாட்டினாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ராஜலிங்கத்துக்கு இத்தனை பாடும் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குத்தானா என்று இருந்தது. கேட்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. "பஸ் எதுக்கு, நானே கொண்டுபோய் விடுறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் இன்ஜினின் ஞாபகமே வந்தது.

ஷிராஸ் தலையைச் சொறிந்தான். "ஸ்டார்ட் ஆகும். ஓடும். தூரப் பயணம் பாத்ததில்ல. ரேடியேட்டர் சூடாகும், கம்பளைக்குப் பொறகு பாத்துப் போங்க."

பரிமளம் பழக்கத்தில் பின்கதவுப் பக்கம் போனாள். டாக்டர் வீட்டுக் காரில் அவள் ஏறியதெல்லாம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ சாப்பாட்டுச் சட்டிகளோடு பின்னால்தான். ராஜலிங்கம் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி, சேலையைச் சுருட்டி, பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி அம்பிட்டிய இறக்கத்தில் முனகிக்கொண்டு இறங்கியது. குளக்கரையைச் சுற்றி, பேராதனை தாண்டி, கம்பளைக் கடைத்தெருவில் ஊர்ந்தது. பக்கத்தில் அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள். "ரோடு இப்புடியா தெரியும் முன்னால இருந்தா" என்று மட்டும் ஒரு இடத்தில் சொன்னாள்.

கம்பளை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முன்பக்கமிருந்து ஆவி பறந்தது. ஓரங்கட்டினார். மூடியைத் திறக்கச் சூடு ஆறவேண்டும், ஊற்றத் தண்ணீர் வேண்டும், அள்ள ஒரு ஏனமும் அவர் கொண்டுவந்திருக்கவில்லை. பரிமளம் பேசாமல் இறங்கினாள். மண்மேட்டிலிருந்து ஒரு மூங்கில் பீலி வழியே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே பேசினைப் பிடித்தாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ராஜலிங்கம் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து நின்ற வாகும், பேசினைக் கொஞ்சம் சரித்து நகர்த்துகிற வாகும் டாக்டர் வீட்டு ஒற்றை அறையில் இருந்த மாதிரியே இருந்தன. இரண்டு நடை கொண்டுவந்தாள். அவர் ஊற்றினார்.

நாவலப்பிட்டியைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் ஏறி, லயன்களுக்குக் கீழே, பாதை முடிகிற இடத்தில் நிறுத்தியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேலே லயன் கூரைகள். தகரத்தின் மேல் கற்கள், டயர்கள். பரிமளம் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பேசினை இருக்கையிலேயே விட்டாள்.

"பேசின்?" என்றார்.

"வச்சுக்கங்க. திரும்பிப் போகும்போது தண்ணி ஊத்த வேணும்ல."

படிகளில் ஏறிப் போனாள். இரண்டாவது லயனின் கோடி அறைக் கதவு திறந்து மூடியது. திரும்பிப் போகும்போது என்றாளே என்று ராஜலிங்கம் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகச் சொன்னாளா, வழியில் கஷ்டப்படக்கூடாதே என்று சொன்னாளா? சாவியைத் தொட்டார். திருகவில்லை. இருட்டில் இந்த வண்டியை இறக்க முடியாது என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். பின்னால் போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்தார். எதிரே அவள் அழுத்திப் பார்த்த கட்டில், அவள் உட்கார்ந்த சுருக்கத்தோடு இருந்தது.

முதல் தூறல் கூரையில் விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மழைக்குக் கண்டி மழை ஈடாகாது. ராஜலிங்கம் வழக்கம்போல மேலே பார்த்தார். காய்ந்திருந்தது. பேசினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் அடி பளிச்சென்று வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேலே தங்கச்சி வீட்டுக் கூரை இந்நேரம் ஒழுகிக்கொண்டிருக்கும், ஏந்த வேண்டிய பேசின் இங்கே இருக்கிறது.

எழுந்து முன்கண்ணாடிக்குப் போனார். தண்ணீர் வழிகிற கண்ணாடிக்கு அப்பால், கோடி அறைக் கதவு திறந்து மஞ்சள் வெளிச்சம் படியில் விழுந்தது. தலையில் சாக்குப் போட்ட ஓர் உருவம் வாசலில் நின்று, கீழே பாதை முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜலிங்கம் கைநீட்டி முன்விளக்கைப் போட்டார். படிகள் கீழிருந்து மேல்வரை மழையோடு பளபளத்தன.