சொல்ல வேண்டாம் என்ற வரி

பினாங்கு ரப்பர் கம்பெனிக்குக் காரைக்காலில் பங்கு விற்கும் ஏஜெண்ட் சேக்கலாவுதீன். ஒழுகும் கடைக் கூரையை மழைக்கு முன் மாற்ற அந்தக் கமிஷனைத்தான் நம்பியிருந்தார். கப்பலில் வரும் கடிதங்களைத் தெருவுக்கே வாசித்துச் சொல்பவரும் அவர்தான். ஒரு வரியும் விடமாட்டார் என்று பெயர்.

சைகோனில் இருக்கும் கணவர் அனுப்பிய பணத்தில் பங்கு வாங்க வந்த கைருன்னிஸா, "கம்பெனி என்ன எழுதியிருக்கு, வாசிங்க நானா" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள்.

கடைசி வரிகளில் அவர் நாக்கு தயங்கியது. ஆனாலும் வாசித்தார்: "மரங்களில் பாதி பட்டுவிட்டன. வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்."

கைருன்னிஸாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதையுமா வாசிப்பீங்க?"

"எழுதியிருக்கே, தங்கச்சி."

"இந்தப் பங்கு வேணாம். நல்ல கம்பெனியா பாத்துச் சொல்லுங்க. சைகோன்லேர்ந்து அவுக அனுப்புறதை ஒங்க மூலமாத்தான் போடுவேன்."

சேக்கலாவுதீன் சிரித்துக்கொண்டே பினாங்கு கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த மழைக்கு எங்க வீட்டு அண்டாவை அனுப்புறேன், நானா."