பாலத்துக்காரி மூன்றாவது தடவை கேட்கவில்லை

கோபத்தில் எழுத உட்காரக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் கேட்கிற ரகம் இல்லை. வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனிக்கு வசனம் எழுதுவது அவள் வேலை. மந்திரவாதி, பூதம், பேசுகிற கழுதை எல்லாருக்கும் வாய் அவளுடையதுதான். விளையாடுகிறவர் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்குத் தகுந்தபடி கதை திரும்பும். திரும்பின வழியில் என்ன காத்திருக்கிறது என்பதையும் அவளே எழுதுவாள். ஆபீஸில் அவளுக்குப் பெயர் கதைக்காரி.

அந்தக் கேமில் ஓர் ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்தில் விளக்கோடு ஒரு அம்மாள். "இருட்டா இருக்கு, இந்த விளக்கை எடுத்துட்டுப் போ" என்பாள். வாங்கிக்கொண்டால் கதை தன் பாட்டுக்குப் போகும். வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்பாள். அப்போதும் வேண்டாம் என்றால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளுவாள். அந்தப் பொரியல் முழுக்கக் கதைக்காரியின் நாத்தனார். மூக்கு நுனிக்கு இறங்கின கண்ணாடி, "நான் எதுவும் சொல்லலப்பா, இருந்தாலும் சொல்றேன்" என்கிற ஆரம்பம், எல்லாம் அச்சு அசல்.

போன தடவை நாத்தனார் வந்து, தொட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி, மடித்து வைத்த துணியைக் கலைத்து மறுபடி மடித்துவிட்டுப் படியிறங்கினாரே, அந்தச் சூட்டில் எழுதியது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் துளியும் இல்லை. சும்மா நீட்டுகிற விளக்கை வேண்டாம் என்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. கேமைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் விளக்கோடு பாலத்துப் பலகையையும் பெயர்த்துக்கொண்டு போகிற ஆட்கள். அவர்கள் கண்ணிலேயே அந்தப் பொரியல் படவில்லை.

இப்போது பாருங்கள் வினையை. வீட்டிலிருந்து எழுதினது போதும், இனி ஆபீஸுக்கு வா என்று கம்பெனி சொல்லிவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரை விட்டால் நாதியில்லை. போனில் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் "எனக்கு முட்டி வலிம்மா, முடியாது" என்றார். அப்படியென்றால் வேலையை விட வேண்டியதுதான். நினைத்தாலே அழுகை முட்டியது. பேசுகிற கழுதையை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குழந்தையைப் பார்க்க வந்தார்.

"டீ குடிக்கறீங்களா அண்ணி?"

"வேண்டாம்மா, இப்பதான் குடிச்சேன்."

"கொஞ்சமா?"

"எதுக்கு உனக்குச் சிரமம், வேண்டாம்."

வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே, விட்டுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாத்தனார் இந்த வீட்டில் டீ குடித்ததே கிடையாது. பிடிக்காது போலிருக்கிறது என்று அவளும் இருந்துவிட்டாள்.

கணவன் ஒருவன் இருக்கிறானே, கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா. "அக்கா, உன் தம்பி பொண்டாட்டி எழுதின கேம், விளையாடிப் பாரு" என்று கன்ட்ரோலரை நீட்டிவிட்டான். நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரையிலிருந்த வீரனை அலுங்காமல் நடத்தி, வழியில் வந்த கோழியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தார். பாலத்துக்காரி விளக்கை நீட்டினாள். நாத்தனார் 'வேண்டாம்' என்பதை அழுத்தினார்.

கதைக்காரி அவசரமாகக் குறுக்கிட்டாள். "வாங்கிக்கங்க அண்ணி, மேல போனா ஒரே இருட்டு."

"கேட்ட உடனே வாங்குவாங்களா? அவ என்ன நினைப்பா."

பாலத்துக்காரி மறுபடி நீட்டினாள். மறுபடி வேண்டாம். பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது சோபாவுக்குப் பின்னால் இருந்தது, மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் எதுவும் சொல்லலப்பா, இருந்தாலும் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள் பாலத்துக்காரி. "வாள் பிடிக்கிற லட்சணமா இது? ஒரு துணியை ஒழுங்கா மடிக்கத் தெரியல, ராட்சசனை வெட்டக் கிளம்பிட்டான். உங்க வீட்ல வளர்த்தாங்களா, தானா வளர்ந்தியா?"

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இது அப்படியே..." என்றவன் மீதியை விழுங்கினான். அதற்கு மேல் நாத்தனாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரையில் மூன்று வழிகள் வந்து நின்றன. ஆற்றில் தள்ளு. ஓடிப் போ. உனக்கு என்ன வேணும் என்று கேள். நாத்தனார் கடைசியை அழுத்தினார். பாலத்துக்காரி வாயைத் திறந்தாள். கீழே எழுத்து வந்தது: 'இங்கே அப்புறம் ஏதாவது எழுதணும்.'

நாத்தனார் அதை நிதானமாக, சத்தமாகப் படித்தார். "திட்டறதுக்கு வண்டி வண்டியா எழுதியிருக்கே. இதுக்கு மட்டும் நேரமில்லையாக்கும்."

கதைக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆபீஸ் போச்சு, குழந்தைக்கு ஆள் போச்சு, அதெல்லாம்கூட அப்புறம். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"தப்புதான் அண்ணி."

"அது கிடக்கட்டும். அவ ஏன் மூணாவது தடவை கேக்கல?"

"எதை?"

"விளக்கைத்தான். இன்னொரு தடவை கேட்டிருந்தா வாங்கியிருப்பேன், அதுக்குள்ள கத்த ஆரம்பிச்சுட்டா. எங்க வீட்ல மூணாவது தடவை கேட்டாத்தான் மனசார கேக்கறாங்கன்னு அர்த்தம். முதல் தடவையே கை நீட்டினா அம்மா தொடையில கிள்ளுவாங்க." கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "நீயும் அவளை மாதிரிதான். ரெண்டு தடவையோட நிறுத்திடுவே. ஒவ்வொரு தடவையும் தெருமுனைக் கடையில டீ குடிச்சுட்டுத்தான் நான் பஸ் ஏறறேன்."

கதைக்காரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இதெல்லாமா சொல்லணும்? எல்லார் வீட்லயும் இப்படித்தானே" என்றான் அந்தப் புண்ணியவான்.

அவனோடு சண்டை போட ஆயுசு கிடக்கிறது. குழந்தையை அவன் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். "அண்ணி, டீ போடறேன், குடிக்கறீங்களா?"

"சரி, இவ்வளவு தூரம் கேக்கறே. சர்க்கரை தூக்கலா."

பாலை அடுப்பில் வைத்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. போனிலும் இரண்டு தடவைதானே கேட்டாள். கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "அண்ணி, குழந்தையைப் பார்த்துக்கறீங்களா?"

நாத்தனார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார். "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். "பார்த்துக்கறேன். தொட்டில் ஜன்னல் பக்கம் இருக்கக் கூடாது. அந்தப் பாலத்துக்காரிக்கு நான் சொல்ற பதிலைத்தான் எழுதணும்."

எழுதினாள். கேம் வெளிவந்துவிட்டது. உனக்கு என்ன வேணும் என்று கேட்டால் பாலத்துக்காரி "ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்கிறாள். இன்னொரு தடவை கேட்டாலும் வேண்டாம்தான். முக்கால்வாசிப் பேர் அதோடு போய்விடுகிறார்கள். மூன்றாவது தடவை கேட்கிறவர்களுக்கு விளக்கைக் கொடுத்து, கடைசி ராட்சசன் வரைக்கும் கூடவே வருகிறாள், வழியெல்லாம் 'நான் எதுவும் சொல்லலப்பா, இருந்தாலும் சொல்றேன்' என்று சொல்லிக்கொண்டு. அவளை நடுவழியில் கழற்றிவிட ஒரு வழி வைக்கலாமா என்று கதைக்காரி கேட்டுப்பார்த்தாள், அதுவும் மூன்று தடவை. நாத்தனார் தொட்டிலை ஆட்டியபடி மூன்று தடவையும் வேண்டாம் என்றுவிட்டார்.