தட்டின் அடியில் இருந்த குறி

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. அக்கா போனில் சொன்னது. "இதையெல்லாம் எழுதித் தொலைக்காதடா" என்று அவள் முடிப்பதற்குள் நான் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எழுதுகிறவனைத் தம்பியாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்தது அவள் தப்பு.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

காந்தப் புலத்தில் வைத்த விதை, தூக்கம் கலைந்த குழந்தையைப் போல

அடித்துவிட்டேன். குழந்தையை உவமைக்கு இழுக்க அந்த வீட்டு விஷயத்தில் எனக்கு உரிமை கிடையாது. காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்கவைத்து வித்தை காட்டுகிற எண்ணமில்லை. அக்காவின் ஒரே மகள் இறந்துபோனாள். குட்டி என்றுதான் கூப்பிடுவோம்.

2

அக்காவின் கணவர், என் அத்தான், விதை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சி, நடுவே உண்டாகும் காந்தப் புலத்தில் விதைகளை வைப்பார்கள். பிறகு தட்டில் விரித்த ஈரத் தாளில் பரப்பி எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுவார்கள். சில விதைகள் சீக்கிரம் முளைக்கும். சிலவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சில கெட்டும் போகும்.

(ஒருமுறை கேட்டேன்: "கடைசியா காந்தம் நல்லதா கெட்டதா, அத்தான்?" அவர் சொன்னார்: "அது விதையைப் பொறுத்தது, எவ்வளவு நேரம் வைக்கிறோம்கிறதப் பொறுத்தது." இவரிடம் மணி கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும்.)

குட்டி ஒரு காலி மருந்துப் புட்டியில் எட்டுப் பூசணி விதைகள் சேர்த்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை. புட்டி அலமாரியிலேயே வருஷக்கணக்கில் கிடந்தது.

போன மாதம் அக்காதான் பேச்சை எடுத்தாள். "உங்க மிஷின்ல வச்சுப் பாருங்களேன். ஒண்ணாவது முளைக்காதா?"

அத்தான் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கல்நெஞ்சக்காரர் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுத வசதியாகத்தான் இருந்தது. ஆனால் மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லை, கிழித்துப் போட்டேன்.

3

சமையலறையில் நடந்ததை அக்கா சொன்னபடியே தருகிறேன்.

"மீதி நாலு?"

"அதச் சும்மா ஈரத்தாள்ல வைக்கணும்மா. ஒப்பிட்டுப் பாக்க."

"என் பிள்ளையோட விதையில பாதிய ஒப்பிட்டுப் பாக்கவா?"

"இல்லன்னா காந்தத்தால முளைச்சுதா, தானா முளைச்சுதான்னு எப்படித் தெரியும்?"

"யாருக்குத் தெரியணும்?"

"எனக்கு."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்க வேண்டும். குட்டிக்குக் கடைசியாக இன்னொரு சிகிச்சை இருக்கிறது என்றார்கள். "போதும்ங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றாள் அக்கா. அத்தான் சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே குழந்தை போய்விட்டது. சிகிச்சை கொடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா, இன்னும் முன்னாலேயே போயிருப்பாளா? ஆய்வுக்கூடமாக இருந்தால் பக்கத்துத் தட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். அவர்களுக்குப் பிறந்தது ஒன்றுதான்.

4

அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. காந்தத்தில் வைத்தவர் முளையை எண்ணக்கூடாது. எண்ணுகிறவருக்கு எது எந்தத் தட்டு என்று தெரியக்கூடாது. ஆசை கண்ணை ஏமாற்றிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அத்தான் வீட்டிலும் இதை விடவில்லை. காந்தம் பட்ட தட்டின் அடியில் பேனாவால் ஒரு குறி போட்டார், எண்ணும் வேலையை அக்காவிடம் கொடுத்தார்.

எட்டில் ஒன்று முளைத்தது.

அவர் வேலை முடிந்து வந்தபோது முளை ஜன்னலோரத் தொட்டிக்கு மாறியிருந்தது. இரண்டு தட்டுகளையும் அக்கா தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"எந்தத் தட்டுல வந்துச்சு?"

"தெரியாது. நான் திருப்பிப் பாக்கல."

அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். சோற்றில் கை வைத்தபடி கேட்கிறார், செருப்பு மாட்டும்போது கேட்கிறார். "நீ கேட்டா சொல்லுவா" என்று என்னையும் பிடித்து உலுக்குகிறார்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) குறியுள்ள தட்டில் முளைத்தது. அப்படியானால் எட்டையும் காந்தத்தில் வைத்திருக்கலாம். குட்டியின் நான்கு விதைகளை அவரே பாழாக்கினார்.

ஆ) குறியில்லாத தட்டில் முளைத்தது. அவர் கை வைத்ததெல்லாம் செத்தது, சும்மா விட்டது பிழைத்தது. இதை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு முளையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல, பிழைப்பே அதுதான். ஆனாலும் வைப்பார்.

இ) அக்கா உண்மையிலேயே திருப்பிப் பார்க்கவில்லை, ஆகவே யாருக்கும்

இதை முடிக்க வரவில்லை. நேரில் பொய் சொன்னால் அக்காவைக் கண்டுபிடித்துவிடுவேன், போனில் முடியாது. "நிஜமா பாக்கலையாக்கா?" என்றேன்.

"பாத்திருந்தா மட்டும் எதடா சொல்றது அவர்கிட்ட?"

அவள் அவரைக் காப்பாற்றுகிறாளா, அந்தக் கையெழுத்துக்காக இப்போது தண்டிக்கிறாளா? எழுத எழுத இரண்டுமாகத்தான் தெரிகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. தட்டைத் திருப்பித்தான் ஆக வேண்டுமென்றால் நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள். நான் தொடமாட்டேன்.

பேச்சை மாற்ற, செடி எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு இலை விட்டுச்சு. ரெண்டு நாள் நான் காய்ச்சல்ல படுத்துட்டேன், அதுக்குள்ள வாடிப்போச்சு."

"அத்தான் தண்ணி ஊத்தலையா?"

"அதுக்கு முன்னாடியேதான்டா உக்காந்திருக்கார். கை வைக்க மாட்டேங்கறார்."