நெபியோலோவுக்குப் பொத்திய வலை

கற்பிட்டிக் கரையில் வலை பொத்துவதில் எமிலியாவை மிஞ்ச ஆளில்லை என்பது ஊருக்கே தெரியும். அது அவளுக்கும் தெரியும். பாறையில் சிக்கிப் பாதியாய்ப் போன வலை அவள் முற்றத்துக்கு வந்தால் மூன்றாம் நாள் கடலுக்குப் போய்விடும். கிழிசல் எங்கே இருந்தது என்று வலையின் சொந்தக்காரனே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவளுடைய புருஷன் நிக்கொலஸ் கரைக்கு ஒட்டாத ஆள். சிலாபம் டவுனில் வளர்ந்தவன், வான் ஓட்டியவன், வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றுகிறவன். கலியாணம் கட்டி நாலாம் வருஷம் இத்தாலிக்குப் போனான். முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். பிறகு வடக்கே, மலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்ததென்று சொன்னான்.

"என்ன தோட்டம்?"

"முந்திரிகைத் தோட்டம்."

"கஜுவா? இத்தாலியில கஜு காய்க்குதா?"

"கஜு இல்லடி. வைன் செய்ற முந்திரிகை, திராட்சை. கொடி."

அன்றிலிருந்து அவன் எடுக்கும் டெலிபோன் கோலிலெல்லாம் அந்தக் கொடியின் கதைதான். நெபியோலோ என்று ஒரு சாதியாம். அந்த ஊர்ப் பாஷையில் 'நெபியா' என்றால் மூடுபனியாம். அது பழுக்கும் காலத்தில் மலைச்சரிவெல்லாம் பனி மூடிக் கிடக்குமாம். அதனால்தான் அந்தப் பேர் வந்ததென்று சிலர் சொல்வார்களாம். மற்றக் கொடியெல்லாம் தூங்கும்போதே இது மொட்டு விடும், மற்றதெல்லாம் பறித்து முடிந்த பிறகும் இது பழுக்காமல் நிற்கும்.

"எங்கட ஜோர்ஜ் மாதிரி. முதல் ஆளா எழும்பி வருவான், வேலை முடிக்கிறதில கடைசி ஆள்" என்றாள் எமிலியா. ஜோர்ஜ் அவளுடைய தம்பி.

"சிரிக்காத. அந்தப் பிந்திப் பழுக்கிறதிலதான் அதின்ட பெறுமதி இருக்கு. நிறம் பார்த்தா வெளிறல், நம்ம பால் விடாத பிளேன்டீ மாதிரி. வாயில வச்சா பிடிச்சு ஆட்டும்."

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வைன் என்றால் அவளுக்குத் தெரிந்தது கிறிஸ்மஸுக்கு வாங்கும் இனிப்புப் போத்தல் ஒன்றுதான். ஆனால் புருஷன் ஒரு வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கதைத்து அவள் முன்பு கேட்டதில்லை. இந்த முறை பனி இறங்கியதா, பழம் கறுத்ததா என்று அவளே கேட்கத் தொடங்கினாள். அயலில் ஒரு பிள்ளையின் சுகம் விசாரிப்பது போலத்தான் விசாரித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் கோல் வந்தது. இத்தாலியில் அப்போது காலை ஏழு. நிக்கொலஸின் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"எமிலியா, ராவு ஆலங்கட்டி மழை. கொடிக்கு மேல கட்டின வலையெல்லாம் கிழிஞ்சு தொங்குது."

"வலையா? கொடிக்கு வலை போட்டிருக்கா? இவ்வளவு காலமும் சொல்லவே இல்லையே!"

"அது ஆலங்கட்டிக்குப் போடுற வலை. இஞ்ச பார்." அவன் போனைத் திருப்பிக் காட்டினான். சரிவில் வரிசை வரிசையாகக் கொடிகள். அவற்றின் மேல் சாம்பல் நிற வலை கந்தல் கந்தலாக ஆடியது. கீழே குலைகள் அரைவாசி கறுத்து, அரைவாசி சிவந்து நின்றன. "மற்றச் சாதியெல்லாம் பறிச்சாச்சு. இது மட்டும்தான் நிக்குது, இன்னும் மூணு கிழமை வேணும். வியாழக்கிழமை திரும்பவும் ஆலங்கட்டி எண்டு சொல்றாங்க. புது வலை வர பத்து நாளாகுமாம். சிஞ்ஞோர் ரெனாத்தோ தலையில கை வச்சிட்டு இருக்கார்." தோட்டத்துச் சொந்தக்காரரின் பேர் ரெனாத்தோ.

"கிட்டக் காட்டுங்க. இன்னும் கிட்ட. வலையின்ட கண்ணைக் காட்டுங்க."

அவன் காட்டினான். அது முடிச்சுப் போட்டுக் கட்டிய வலை இல்லை, பின்னிய வலை. மீன் வலையைப் பொத்துவது போல் ஒவ்வொரு கண்ணாகக் கட்டப் போனால் இழை உருவிக்கொண்டே போகும்.

"அரை மணித்தியாலம் தாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

முற்றத்தில் நின்று யோசித்தாள். அடுத்த வளவில் ஸுலைஹா வெங்காயம் காய வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்புச் சாக்குகள் அடுக்கிக் கிடந்தன. எமிலியா வேலியைத் தாண்டிப் போய் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே விரித்துப் பார்த்தாள். அதே பின்னல்தான். முடிச்சில்லாத வலை.

"ஸுலைஹா, இந்தச் சாக்கைக் கிழிக்கப் போறன்."

"கிழி புள்ள. எதுக்கு?"

"இத்தாலியில வலை கிழிஞ்சிட்டாம்."

ஸுலைஹா வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழும்பி வந்தாள். எமிலியா சாக்கை இழுத்துக் கிழித்தாள். சாதாரணமாகப் பொத்திப் பார்த்தாள், உருவியது. இன்னொரு விதமாகக் கோர்த்தாள், இழுத்ததும் பிய்ந்தது. மூன்றாவது சாக்கில், கிழிந்த இரண்டு ஓரத்தையும் ஒன்றாக மடித்து, நடுவில் ஒரு கயிற்றை வைத்து, கயிற்றோடு சேர்த்துச் சுற்றிக் கோர்த்து, சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். சாக்குக்குள் ஒரு மூடை வெங்காயத்தைக் கொட்டித் தூக்கி உதறினாள். அது தாங்கியது.

கோல் எடுத்தபோது மறுபக்கம் ஐந்தாறு பேர் கூடி நின்றார்கள். நடுவில் வெள்ளைத் தலையோடு ரெனாத்தோ. அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

நிக்கொலஸ் தயங்கினான். "தையல்கார அம்மாவுக்கு வந்தனமாம்."

"தையல்காரியா? ஆரு?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், வலை பொத்துகிறவள் என்று சொல்ல வெட்கப்பட்டு, தையல் வேலை என்றே அவன் சொல்லி வந்திருந்தான். எமிலியாவுக்குக் காது மடல் சுட்டது. சண்டை பிடிக்க நேரமில்லை. ஆனாலும் அந்தப் பேரோடு அவளால் வேலையைத் தொடங்க முடியாது.

"இஞ்ச பாருங்க. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. நான் தையல்காரி இல்ல. வலை பொத்துறவள். கடல் வலை. பதினாறு வயசில இருந்து. சொன்னாத்தான் ஊசியைத் தொடுவன்."

நிக்கொலஸ் சொன்னான். முதலில் மெதுவாக, பிறகு ரெனாத்தோ விளங்காமல் காதைக் கிட்டக் கொண்டுவர, உரத்து. கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு வேலை. ஸுலைஹா போனைப் பிடித்தாள், எமிலியாவின் இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே.

"குடிக்கிற சாமானுக்கு எண்டா நான் வரமாட்டேன். பழத்தைக் காப்பாத்த எண்டு நெனச்சுப் புடிக்கிறேன்" என்றாள் ஸுலைஹா.

"பழம்தான். அந்தப் பாவி நெபியோலோ பழம்."

அங்கே வலை ஊசி கிடையாது. குசினியில் மரக்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை எடுத்து வெட்டச் சொன்னாள். தன் ஊசியைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்து, நுனி எப்படி, நாக்கு எப்படி என்று காட்டினாள். ஆறு ஊசி வெட்டினார்கள், இரண்டு உடைந்தது. பிறகு சாக்கில் தான் பொத்திய விதத்தை அவர்களுக்குக் கட்டிக் காட்டிவிட்டு, ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள்.

"அந்தத் தாடிக்காரர் நல்லாக் கட்டுறார், அவர நடுவில விடுங்க. நீங்க கட்டின முடிச்சைக் காட்டுங்க... ஐயோ, அது சப்பாத்துக்குக் கட்டுற முடிச்சு! அவிழுங்க!"

ஐயாயிரம் மைலுக்கு அப்பால் எல்லோரும் சிரித்தார்கள். நிக்கொலஸும் சிரித்து, அவிழ்த்து, திரும்பக் கட்டினான். அன்று முழுவதும், அடுத்த நாள் முழுவதும் கட்டினார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் அவன் கட்டிய முடிச்சில் அவளால் பிழை சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை எமிலியா தலவில கோயிலுக்குப் போய் புனித அன்னம்மாளிடம் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். அந்திக் கருக்கலில் கோல் வந்தது. நிக்கொலஸ் வலைக்குக் கீழே நின்றான். போனை மேலே காட்டினான். வலையில் வெள்ளை வெள்ளையாக ஆலங்கட்டி நிறைந்து, கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முடிச்சும் அவிழவில்லை. கீழே குலைகள் நனைந்து மினுங்கின.

அந்த வருஷம் ஒக்டோபரில் பனி இறங்கியதையும், பழம் பறித்ததையும், பீப்பாவில் ஊற்றியதையும் அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். அது மரப் பீப்பாவில் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டுமாம். "கிடக்கட்டும்" என்றாள் அவள்.

இந்த வருஷம் ஓகஸ்டில், அன்னம்மாள் திருவிழாவுக்கு நிக்கொலஸ் லீவில் வந்தான். உடுப்புக்கு நடுவில் சுற்றி ஒரு போத்தல், அந்த ஆலங்கட்டி வருஷத்து வைன். திருவிழா அன்று மத்தியானம் ஜோர்ஜும் வந்திருந்தான். எமிலியா பன்றி இறைச்சிக் கறி வைத்திருந்தாள், கொழுப்பு மிதக்க.

ஜோர்ஜ் முதலில் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தான். "என்ன அக்கா இது! கஜுப்பழத்தைக் கடிச்ச மாதிரி நாக்கு ஒட்டுது."

எமிலியா குடித்தாள். உண்மைதான். நாக்கும் பல் முரசும் உலர்ந்து பிடித்துக்கொண்டன. பிளேன்டீ நிறத்தில் இருந்துகொண்டு என்ன பிடி! அவளுக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை.

"பொறு. கறியோட சாப்பிட்டுப் பார்" என்றான் நிக்கொலஸ்.

கொழுப்போடு ஒரு துண்டு தின்றுவிட்டு மறுபடி குடித்தாள். இந்த முறை அந்தப் பிடி இளகி, உள்ளே இருந்த வேறொன்று எழும்பி வந்தது. கண்ணை மூடி மோந்து பார்த்தாள். பழவாசம் இல்லை. எங்கேயோ தெரிந்த மணம்.

"தார்" என்றாள். "வள்ளத்துக்குப் பூசுற தார். அதோட... ரோசாப்பூ. தார் பூசின கையால ரோசாப்பூவ எடுத்து மோந்த மாதிரி."

நிக்கொலஸ் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்தான். "ரெனாத்தோவும் இதே ரெண்டைத்தான் சொல்வார். தாரும் ரோசாவும். எனக்கு அது பிடிபட ரெண்டு வருஷம் போச்சு."

"எனக்கு ரெண்டு வாய்" என்றாள் எமிலியா.

ஜோர்ஜும் கறியைத் தின்று குடித்துப் பார்த்துத் தலையாட்டினான். "ஓம், இப்ப நல்லம். மச்சானின்ட வைன் மோசமில்ல."

"மச்சானின்டயா?" எமிலியா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது என்ட வலைக்குக் கீழ பழுத்த பழம்டா. இரு, நான் சொல்றன்."

நிக்கொலஸ் வாயைத் திறக்கப் போனான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே எழும்பி, அவளுடைய கோப்பையை நிரப்பிவிட்டு, கதை கேட்க உட்கார்ந்தான்.