ஒத்தக்கல்லிலிருந்து வந்த வாக்கு

1963 மார்கழியில், விடிந்தும் விடியாத நேரத்தில், பரிசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆண்களிடம் போய் நின்று, தன்னையும் மேகத்தின் மேல் ஒத்தக்கல் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள் காளியாயி. அதை மட்டும் கேட்கக் கூடாது என்று பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் கேட்டிருக்கிறாள், கிடைத்தும் இருக்கிறது. கொடைக்கானலில் கன்னியர் பள்ளி, பிறகு மதுரையில் காலேஜ், மூக்குக்கண்ணாடி. ஏழுமுக்கு கிராமத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள் அவள்தான். இரண்டாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை.

ஏழுமுக்கு, செண்பகனூருக்குத் தெற்கே, மலை திடீரென்று முடிந்துபோகிற விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அடுக்கத்துப் பாதை பெரியகுளத்தை நோக்கி இறங்குவது தெரியும். மழைக்காலம் ஓய்ந்த பிறகு காலை வேளைகளில் அந்தப் பள்ளம் முழுக்க மேகம் ரொம்பிக் கிடக்கும். எதிரே நிற்கும் ஒத்தக்கல் குன்றின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இது என்றைக்கும் உள்ளதுதான். 1951-இல் சின்னக்கருப்பனின் வெள்ளாடு ஒன்று பூண்டுக் காட்டு விளிம்பில் தழை கடிக்கப் போய் தவறி விழுந்து, சற்று நேரம் கழித்து மேகத்தின் மேலேயே நடந்து திரும்பி வந்தது. கால் நனைந்திருந்தது, மற்றபடி சேதமில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவரான பொன்னுவேல் ஒரு கிழங்கு மூட்டையை உருட்டிவிட்டுப் பார்த்தார். மிதந்தது. அந்த வருஷமே பவானிப் பக்கத்திலிருந்து ஒரு பரிசலை பஸ் மேலே போட்டுக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். செண்பகனூரிலிருந்து பாதிரிச் சாமியார்கள் வந்து கயிற்றில் ஈயக் குண்டு கட்டி ஆழம் பார்த்தார்கள், கயிறு போதவில்லை, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கொடைக்கானல் ஓட்டல்களில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள்; கழுவிப் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளையாக வந்தது, பிறகு அவர்களும் வரவில்லை. மார்கழியிலும் தையிலும் விடிந்ததிலிருந்து வெயில் உறைக்கும் வரை மேகம் ஆள் தாங்கும், அதற்குப் பிறகு தாங்காது என்பதை ஊர், பூண்டுக்கு எரு வைக்கும் பக்குவம் மாதிரி தெரிந்து வைத்துக்கொண்டது. பெண் ஏறினால் மேகம் பிளந்துவிடும் என்பதும் முதல் வருஷமே முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டினார்கள்.

காளியாயியின் அப்பா செல்லப்பாண்டி 1954-இல் மற்றவர்களோடு தீவுக்குப் போனார். வெயில் ஏறுகிறது, கிளம்பலாம் என்றபோது, "போங்க, வாரேன்" என்றார். வயலிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாலும் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அவர் சொல்வது அதுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வரவில்லை. ஆனால் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஆகவே வந்துகொண்டிருக்கிறார் என்றே ஊர் வைத்துக்கொண்டது. அவர் மனைவி வீரம்மாள் பொட்டை அழிக்கவில்லை, தீபாவளிக்கு வேட்டி எடுப்பதையும் நிறுத்தவில்லை. பரிசல் போகும் காலத்தில் அரிசியும் கருப்பட்டியும், பாறை இடுக்குகளில் பூண்டு ஊன்ற எருமண்ணும் கொடுத்தனுப்பினாள். மீதி பத்து மாதம் அவர் என்ன சாப்பிட்டார் என்பது தெரியாது. மெலியவில்லை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

போய்வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து ஒரு வாக்கும் கொண்டுவந்தார்கள். மேல்காட்டில் பூண்டு போடு என்றார், கெடேரியை விற்காதே என்றார். இரண்டாம் வருஷம், பிள்ளையைப் படிக்க வை என்றார். எட்டாம் வகுப்போடு நிறுத்தி வைத்திருந்த பெண்ணை வீரம்மாள் மறுவாரமே கன்னியர் பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டாள். புருஷன் எதிரே இருந்தபோது அவர் பேச்சில் பாதியைத்தான் கேட்பாள். மேகத்தைத் தாண்டி வந்த பேச்சை ஒன்றுவிடாமல் கேட்டாள். போன தை மாதம் வந்த வாக்கு, காளியாயியைப் பொன்னுவேலின் மகன் குமாரவேலுக்குக் கட்டிக்கொடு என்பது. பொன்னுவேல், வீரம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். முறைப்படி சரியாகத்தான் இருந்தது. காளியாயிக்கோ திண்டுக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலை கிடையாது என்பது பொன்னுவேல் வீட்டுச் சட்டம். குமாரவேல் கெட்டவன் இல்லை, கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறவன். "என்கிட்டயும் யாரும் கேக்கல புள்ள" என்று அவளிடம் ஒரு தடவை சொல்லியிருந்தான். வீரம்மாளைப் பொறுத்தவரை அவள் புருஷன் சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் பேச்சில்லை. ஆகவே அதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டு வருவது என்று காளியாயி கிளம்பி வந்திருந்தாள்.

"பொம்பள ஏறுனா மேகம் தாங்காது தாயி," என்றார் பொன்னுவேல்.

"ரெண்டு மூட்டையத் தாங்குது, மூணாவது மூட்டையா உங்களையும் தாங்குது. என்னைத் தாங்காதா மாமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பரிசல் துடுப்பு சின்னக்கருப்பன் கையில் இருந்தது. "அதையும் பாத்துருவமே, தராசக் கொண்டாங்கடா ஏலே," என்றார். கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டி அவளை உட்கார வைத்தார்கள். ஒரு மூட்டைக்குக் கால்வாசி குறைவாக இருந்தாள். "பி.ஏ. கனம் இதுல ஏறல போல," என்றார் சின்னக்கருப்பன். "ஒடஞ்சா என்னைக் கேக்கக் கூடாது," என்றார் பொன்னுவேல். "ஒடஞ்சா கேக்குறதுக்கு நான் எங்க இருப்பேன்?" என்றபடி அவள் ஏறி உட்கார்ந்தாள்.

மேகம் உடையவில்லை. துடுப்பு போட்டால் சத்தமே இல்லை. அடியில் எங்கேயோ பெரியகுளத்து பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது, பரிசலுக்குக் கீழே இரண்டு பருந்துகள் வட்டமிட்டுப் போயின. ஒத்தக்கல்லில் கரை என்று ஒன்று இல்லை. மேகம் நேராகப் பாறையில் மோதி நுரைத்துத் திரும்புகிறது. மரவேர் ஒன்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். முழங்கால் சிராய்ப்பது நிச்சயம், அவளுக்கும் சிராய்த்தது. மேலே கத்தியைச் செருகி வைத்தது போலப் பாறைகள், காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்த நாலு மரம், இடுக்குக்கு இடுக்கு பிடி மண்ணில் நின்ற பூண்டுச் செடிகள். நடுவில் செல்லப்பாண்டி உட்கார்ந்திருந்தார். வேட்டி பாறை நிறத்துக்கு வந்திருந்தது. இடது தோளில் பாசி படர்ந்து, அதில் சின்னதாக ஒரு மஞ்சள் பூ பூத்திருந்தது. அவர் மகளைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

ஆண்கள் பழக்கப்பட்ட இடங்களில் உட்கார்ந்து ஊர்ச் சேதி சொன்னார்கள். பூண்டு என்ன விலைக்குப் போகிறது, யார் செத்தது, எந்த ஊர் வரைக்கும் பஸ் விட்டிருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காளியாயி நேராகக் கேட்டாள். குமாரவேல் மாமாவுக்கு என்னைக் கட்டிவைக்கச் சொன்னீங்களா? ஏன் வீட்டுக்கு வரல? அம்மா செஞ்ச தப்பு என்ன? ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் நிறைய நேரம் விட்டாள். அவர் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை, கோபமாகவும் தெரியவில்லை. கை நீட்டி அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, ஏழுமுக்கில் அவர் வீட்டுக் கூரையிலிருந்து புகை எழுந்த பக்கம் வெயில் ஏறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியை வேட்டியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பரிசல் பாதி தூரம் வந்ததும் பொன்னுவேல் தொண்டையைச் செருமினார். "அப்ப, தையிலயே முகூர்த்தம் வச்சிரலாங்கிறாரு." சின்னக்கருப்பன் துடுப்பு போட்டுக்கொண்டே, "தைக் கடைசியில. அப்பத்தான் பூண்டு எடுத்திருப்பாக," என்றார். "ஆமா, கடைசியிலதான் சொன்னாரு." ஆடு விலை பேசுவது போல இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள்.

"அவரு எப்ப மாமா பேசினாரு?" என்றாள் காளியாயி.

பொன்னுவேல் அப்போதுதான் அவள் இருப்பதைக் கவனித்தவர் போலத் திரும்பினார். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. "பேசல தாயி. அன்னிக்கி 'வாரேன்'னதோட சரி. அதுக்காக? ஒரு எடத்துக்குப் போயிட்டு வெறுங்கையோடயா வீட்டுப் படி ஏறுறது? ஒங்கம்மா வாசல்லயே நிப்பா. அந்தப் பாறையில பறிச்சுக் கொண்டாரக் காயா இருக்கு, பழமா இருக்கு?"

ஏழுமுக்கில் அது உண்மைதான். சந்தைக்குப் போனவன் ஒரு முறுக்காவது வாங்காமல் திரும்ப மாட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனவன்கூட வெற்றிலை வாங்கி வருவான். ஒத்தக்கல்லிலிருந்து கொண்டுவர வார்த்தை மட்டும்தான் இருந்தது, அதுவும் இல்லாததால் வழியில் செய்துகொண்டார்கள். முதலில் வீரம்மாள் மனசு ஆறுகிற மாதிரி செய்தார்கள். போகப் போகத் தங்களுக்குத் தேவையானதையும் செய்துகொண்டார்கள். எது எங்கே மாறியது என்று அவர்களுக்கே தெரியாது.

"ஒரு பொம்பளைய ஒன்பது வருசமா ஏமாத்தியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

பொன்னுவேல் முகம் சுண்டிப்போயிற்று. சின்னக்கருப்பன்தான் மெதுவாகச் சொன்னார்: "ஒன்னையப் படிக்க வையின்னது நாஞ் சொன்னது தாயி. அன்னிக்கி ஒண்ணுமே தோணல எனக்கு. கரை வந்திருச்சு, வாயில வந்ததச் சொன்னேன்."

அதற்குப் பிறகு காளியாயி மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். விளிம்பில் இறங்கும்போது பொன்னுவேல் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "நீயே சொல்லு. வேலைக்குப் போகச் சொன்னாருன்னு சொல்லணுமா, சொல்லிக்க. நான் ஆமான்னுருவேன். குமாரவேலுக்கு வேற எடம் பாத்துக்கலாம்." அவர் மனசாரத்தான் சொன்னார்.

வீரம்மாள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டை இறக்கிக்கொண்டிருந்தாள். மகள் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்தாள். ஆனால் கேட்டது வழக்கமாகக் கேட்பதைத்தான்.

"என்ன சொன்னாரு?"

பொன்னுவேல் நிலைப்படியில் நின்று, தலையாட்டத் தயாராக இருந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

"ஒண்ணுமே சொல்லலம்மா. எப்பவும் எதுவும் சொல்லல. எல்லாம் இவங்க வழியில பேசி வச்சுக்கிட்டது."

வீரம்மாள் அண்ணனைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "படிக்க வையின்னது?"

"அதுவுந்தான்."

"அப்ப யாரு பேச்சைக் கேட்டுடி நான் ஒன்னைய அம்புட்டுத் தூரம் அனுப்பி வச்சேன்? ஊரெல்லாம் சிரிச்சப்ப அவரு சொன்னாரு, அவரு சொன்னாருன்னு சொல்லிக்கிட்டில்ல திரிஞ்சேன்!"

"அனுப்புனது நீ. என் பீசுக்காகப் பூண்டு மூட்டையத் தலையில வச்சுக் கொடைக்கானல் வரைக்கும் நடந்தது நீ. அவரா நடந்தாரு? திண்டுக்கல் வேலைக்குப் போறேன்னு இப்பச் சொல்றதும் நான்தான். அப்பா சொல்லல. கல்யாணம் வேண்டாங்கறதும் நான்தான்."

வீரம்மாள் கையிலிருந்த பூண்டுக் கொத்தை முறத்தில் போட்டாள். அழுவாள் என்று பொன்னுவேல் எதிர்பார்த்தார். அவள் பூண்டைப் பல் பல்லாக உதிர்த்தாள். பிறகு, "பேசலன்னா, என்னதான் செஞ்சாரு?" என்று கேட்டாள்.

"என் கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கிட்டு நம்ம வீட்டுக் கூரைப் புகையவே பாத்துக்கிட்டிருந்தாரு."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்."

வீரம்மாள் அடுப்பில் ஈர விறகை எடுத்துத் திணித்தாள். புகை குப்பென்று எழுந்து கூரையைப் பிடித்தது. "அண்ணே, நாளைக்கு வெள்ளனே வந்துருவேன். எனக்கும் எடம் போட்டு வையிங்க," என்றாள். பொன்னுவேல், மேகம் கூடினால் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்து, "சரி" என்றார்.

காளியாயி டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். யாரும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவளும் யார் முகத்தையும் பார்த்து நிற்கவில்லை. வெளியே மேகம் கரைந்து, ஒத்தக்கல் அடிவாரம் வரைக்கும் தெரிந்தது. யாரோ பரிசலைக் கவிழ்த்துக் காயப் போட்டிருந்தார்கள். செண்பகனூர் பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. அவள் வெரசாகவே நடந்தாள்.