பின்னால் வருபவருக்காக நிற்க வேண்டாம்

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து வந்தது. அதில் இருந்தவை தலைப்பிலுள்ள அதே நான்கு சொற்கள். எழுதியவள் நான். 1988 ஆவணியில், ஒரு பள்ளிக்கூட நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினேன். நான் எழுதியதில் இன்னொருவர் சத்தம்போட்டு வாசித்த முதல் வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றை யாரும் அவ்வளவு கவனமாக வாசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலை முகட்டில் மேகங்கள் தவழ்ந்த அந்த இளங்காலையில்—"

விட்டுவிட்டேன். அன்று மேகமே இல்லை.

அடுத்து: "பரிபூரணம் தனிமையில் வாடிய ஒரு—"

இதையும் அடித்தேன். பரிபூரணம் அக்கா இதைப் படித்திருந்தால், "ஏட்டி, தனியா இருக்கேன்னு எழுது. வாடுனேன் வதங்குனேன்னு எழுதாத. நான் என்ன கீரைக்கட்டா?" என்றிருப்பார்.

2

சரி, உள்ளதைச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் இரண்டாம் சனி நடைக் கழகம் என்று ஒன்று இருந்தது. இரண்டாவது சனிக்கிழமைகளில் மலைக்கு நடப்பார்கள். ஒரு மாதம் அய்யனார் கோவில் அருவி. மறுமாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு. தலைவர் வைகுண்டராஜ், பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறைக்காரர். செயலாளர் பரிபூரணம், ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் கிளார்க். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர், வலது முட்டியில் தேய்மானம். கடைசியாகச் சேர்ந்தவள் மம்சாபுரத்திலிருந்து வரும் இருபத்திரண்டு வயது ஆசிரியை. இந்தக் கதையில் அவள் பெயர் வேலுத்தாய்.

(அவள்தான் நான். 'நான்' என்று எழுதினால் அவளுக்காக வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கிவிடுவேன். அதனால் 'அவள்'.)

பதினேழு பேர் பதினோரு பேராகக் குறைந்தபோது பரிபூரணம் ஒரு பெட்டி கொண்டுவந்தார். வைகுண்டராஜ் பட்டறையின் அட்டைப் பெட்டிதான், மேலே பிளேடால் ஒரு வாய் கிழித்திருந்தார். மில் வாசலிலும் ஆலோசனைப் பெட்டி ஒன்று இருந்தது. ஆனால் அதை யாரும் திறந்ததில்லை. தன் பெட்டி அப்படி ஆகக் கூடாது என்று அவரே விதிகள் போட்டார். சீட்டில் பெயர் போடக் கூடாது. யார் எழுதியது என்று கேட்கக் கூடாது. ஒரு சொல் விடாமல் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். அடுத்த நடையிலேயே செய்து பார்க்க வேண்டும்.

செய்தார்கள். 'புளியோதரை தொண்டையை அடைக்கிறது' என்று ஒரு சீட்டு வந்தது. எலுமிச்சைச் சோறு ஆனது. 'ஐந்தரை பஸ்ஸுக்கு வர முடியவில்லை.' ஆறு பத்து பஸ்ஸுக்கு மாற்றினார்கள். 'தலைவர் உரையைச் சுருக்கலாம்.'

"ஏலே, இது எம்பொண்டாட்டி போட்ட சீட்டுல்லா!" என்றார் வைகுண்டராஜ்.

"மதினி உறுப்பினரே இல்லையே அண்ணாச்சி" என்றார் பரிபூரணம்.

"ஆள் வச்சுப் போட்டிருப்பா. அவளுக்கு எங்கயும் ஆள் உண்டு."

அதன்பிறகு பேங்கில் வேலை பார்க்கும் ராபர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, தலைவர் இரண்டே நிமிடம் பேசினார். பத்து மாதத்தில் கழகம் இருபத்து மூன்று பேரானது.

3

ஏற்றத்தில் மூன்று வளைவுகளில் நிற்பது வழக்கம். முன்னே போனவர்கள் கடைசி ஆள் வரும்வரை நிற்பார்கள், தலை எண்ணுவார்கள், பிறகு நடப்பார்கள். கடைசியில் வருவது எப்போதும் இரண்டு பேர். பரிபூரணம், முட்டியால். வேலுத்தாய், வேண்டுமென்றே.

அவள் வீட்டில் இரண்டு அறைகளுக்கு ஒன்பது பேர். பள்ளியில் ஒரு வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். யாரும் பார்க்காமல் தன் முகத்தைத் தன் போக்கில் வைத்துக்கொள்ள அவளுக்கு இந்த மலைப்பாதை ஒன்றுதான் இருந்தது. வளைவு திரும்பினால் இருபது முகங்கள். "வந்துட்டாடா வாத்தியாரம்மா!" என்று ஒரு கைதட்டல். உடனே முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டுவர வேண்டும்.

அதனால் எழுதினாள். 'எனக்காக நிற்க வேண்டாம்' என்றுதான் எழுத வந்தது. ஆனால் பெயர் போடக் கூடாதே. எனக்காக என்று எழுதுவதும் பெயர் போடுவதும் ஒன்றுதானே. யோசித்து, 'பின்னால் வருபவருக்காக' என்று மாற்றினாள்.

பாருங்கள், ஒரு திருத்தம். நன்றாக எழுதுவதற்காகச் செய்தது.

4

இந்தப் பகுதியை எட்டு முறை எழுதிவிட்டேன். பரிபூரணத்தின் மனதுக்குள் போக எனக்கு யார் அனுமதி தந்தார்கள்? ஒருவரும் இல்லை. போகிறேன்.

அய்யனார் கோவில் ஆற்றுப் பாறைகளில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பரிபூரணம் பெட்டியைத் திறந்தார். ஒரே சீட்டு. கண்ணால் ஒரு முறை வாசித்தார். மடித்து மறுபடி விரித்தார். இதை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டு "இந்த மாசம் ஒண்ணும் வரல" என்று சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. அவருக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட ஆள் இல்லை. மில்லில் அவர் மற்றவர்கள் வந்த நேரத்தைக் குறிப்பவர். அவர் வந்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை. மாதம் ஒரு நாள், மூன்று வளைவுகளில், ஒரு கூட்டம் அவர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். அதற்காகத்தான் அந்த முட்டியோடு மலை ஏறினார்.*

வாசித்தார். ஒரு சொல்லும் விடவில்லை.

"எவம்லே போட்டது? மனுசனா அவன்?" வைகுண்டராஜ் எழுந்தே விட்டார்.

"கேக்கக் கூடாது அண்ணாச்சி."

"கேட்டா என்ன? நீ வராம நாங்க எங்க போகப் போறோம்?"

"அம்புட்டுச் சீட்டையும் செஞ்சு பாத்தோம்லா? இத மட்டும் விட்டா, பொறவு யாரு நம்பி எழுதுவாவ?" நோட்டை முட்டியில் வைத்து எழுதினார்: ஏற்கப்பட்டது.

வேலுத்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது.

"அக்கா, அது..."

"என்னட்டி?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது முகங்கள்.

"ஒண்ணுமில்லக்கா. தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

* இது முழுக்க என் கற்பனை இல்லை. முந்தின மாதம் செண்பகத்தோப்பில் அவரே சொன்னார்: "வளைவு திரும்புனதும் மூஞ்சியெல்லாம் வரிசையாத் தெரியும் பாரு, அதுக்குத்தாம்ட்டி வாரேன்." காதில் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

5

மூன்றாவது பிரதியில் வேலுத்தாய் எழுந்து சொல்லிவிடுகிறாள்: "நாந்தான் எழுதினேன். எனக்காகத்தான் எழுதினேன். எனக்குத் தனியா நடக்கணும்." எல்லோரும் சிரிக்கிறார்கள். பரிபூரணம் அவள் தலையில் குட்டுகிறார். நல்ல பகுதி. கிழித்துவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தாளில் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வருகிறது!

அடுத்த மாதம் யாரும் நிற்கவில்லை. வேலுத்தாய் கேட்டது கிடைத்தது. முதல் வளைவு, யாருமில்லை. முகத்தைத் தன் போக்கில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது வளைவில், பின்னால் வெகுதூரத்தில், ஒரு செருப்பு கல்லில் தேயும் சத்தம் கேட்டது. நின்றிருக்கலாம். ஆனால் ஏன் நின்றாய் என்று அவர் கேட்டால்? நடந்தாள்.

பரிபூரணம் மேலே வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த முறை மலையடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "பையெல்லாம் யாரு பாக்குறது? நீங்க போயிட்டு வாங்க." அதற்கும் அடுத்த மாதம் செயலாளரின் நோட்டும் விசிலும் ராபர்ட் கையில் வந்தன. நோட்டின் கடைசிக் குறிப்பு அவர் கையெழுத்தில்: சீட்டின்படி நடந்ததில் நாற்பது நிமிடம் மிச்சம்.

கழகம் முப்பது பேரானது. எந்தக் குறையும் சொல்வதற்கில்லாத கழகம். வேலுத்தாய் தை மாதத்தோடு கழகத்திலிருந்து நின்றுகொண்டாள்.

6

முடிவு.

அவர் இறந்துவிட்டார் என்று எழுதலாம். கண்கள் கலங்கும், கதை முடியும். மாட்டேன். அவர் இருக்கிறார். ரிட்டயராகி ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறார் என்று கேள்வி.

கடிதம் எழுதலாம். நான்கு முறை தொடங்கினேன். 'அன்புள்ள அக்கா, ஒரு சொல் விட்டுப்போனதால்—'

மூன்றாவது முடிவு நடக்கவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி. பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் வேலுத்தாய். இல்லை, நான். பின்னால் அதே செருப்புச் சத்தம். திரும்பினால், நூறடி தள்ளி, கையில் துணிப்பையோடு பரிபூரணம் அக்கா. கண் சரியாகத் தெரியாதோ என்னவோ, என்னை இன்னும் பார்க்கவில்லை. என் பஸ் கிளம்புகிறது. தெருமுனையில் நிற்கிறேன்.

அவர் வந்து சேரச் சற்று நேரம் ஆகும். வந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் வேலை இருக்கும். இந்த முறை அந்தச் சொல்லை விடாமல் எழுதுகிறேன்: எனக்காக நிற்க வேண்டாம். அவருக்காக நிற்பதென்றால், முகத்தை அவர் வரும் பக்கம் திருப்பி நில்லுங்கள்.