தரிசனப் பலகை

பழைய போதகர் வாயைத் திறந்தால் குறைதான். ஞாயிறு தவறாமல் யாரையாவது வறுத்தெடுப்பார். பின்வரிசையில் தும்மினால்கூட அதற்கொரு பிரசங்கம். பத்து வருஷத்தில் பாதிச் சபை காலி. அதனால் புதியவர் வந்து, "இனிமே இங்க யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். என்ன நடக்கணும்னு கனவு காணுங்க, அதைச் சொல்லுங்க" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனுஷர். அதை இப்போதும் சொல்வேன்.

சபை அலுவலகத்தில் எழுத்து வேலை என்னுடையது. வாசலில் ஒரு பெட்டி வைத்தார். யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். அதை நான் நல்ல வார்த்தையாக மாற்றிப் பெரிய பலகையில் எழுத வேண்டும். சீட்டை உடனே கிழித்துவிட வேண்டும், போதகர்கூடப் பார்க்கமாட்டார். கையெழுத்தைக் கண்டுபிடித்து யாரும் யார்மேலும் மனவருத்தம் கொள்ளக் கூடாதாம். 'கழிப்பறை நாறுகிறது' என்று வந்தால் 'நறுமணம் கமழும் வளாகம்'. 'பிரசங்கம் முடிவதற்குள் பசி உயிர் போகிறது' என்று வந்தால் 'சுருங்கச் சொல்லி நிறைவாய் அனுப்பும் சபை'. எனக்கு அதில் கை தேர்ந்துவிட்டது. கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் மேல்மாடத்து ஜன்னலைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். ஆலயத்தின் பின்பக்கம், தலைக்கு மேலே, பாடகர் குழு நிற்பதற்கான மர மாடம் அது. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. தச்சருக்குச் சிடுமூஞ்சி என்றே பெயர். இறங்கி வந்தவர் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போனார். 'உத்திரம் உள்ளுக்குள் உளுத்துவிட்டது. ஒரு ஆள்கூட ஏறக் கூடாது.'

அன்று பதினேழு சீட்டு. அது பதினைந்தாவது. இந்த மனுஷருக்கு எதைக் கண்டாலும் கரித்துக்கொட்டத்தான் தெரியும் என்று சலித்துக்கொண்டே எழுதினேன்: 'மேல்மாடம் புதுப் பெலனோடு எழும்பும்.' சீட்டைக் கிழித்தேன்.

போதகர் பலகைக்கு முன் வெகுநேரம் நின்றார். "இது யாரோட கனவும்மா?"

சொல்லக் கூடாதுதான். சொன்னேன். "தச்சரோடதுங்கய்யா."

"அவரா! பாத்தீங்களா, அவரும் மாறிட்டாரு!" அவர் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே முடிவு செய்தார். முப்பது பிள்ளைகள் மேல்மாடத்தில் நின்று பாடுவார்கள். என் மகளும் அதில் ஒருத்தி.

அப்போதே சீட்டில் இருந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒத்திகையெல்லாம் கீழேதான் நடந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். முதல்முறை மேலே ஏறுகிற ஞாயிற்றுக்கு முந்தின நாள் தச்சருக்கு போன் போட்டேன்.

"அந்த உத்திரம் அவ்வளவு மோசமாண்ணே?"

"எழுதிக் குடுத்துட்டேன்ல? அதைப் படிச்சப்புறம் எவனாவது ஏறுவானா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

நேராகப் போதகர் அறைக்குப் போனேன். "வாங்கம்மா. நல்ல சேதிதானே?" என்றார். ஒரு வருஷமாக வேறு சேதி சொல்லிப் பழகாத வாய். "மேல்மாடம் இன்னும் பெலப்படணுங்கய்யா" என்றேன். "ஆமென்!" என்றார். கோழை நான், வேறென்ன சொல்ல.

வீட்டுக்கு வந்து மகளிடம், "நாளைக்கு நீ பாட வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா குறை சொல்றே?" என்றாள்.

மறுநாள் மாடத்தின் விளிம்புக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். தலைக்கு மேல் முப்பது ஜோடிக் கால்கள். முதல் பாட்டிலேயே என் பாட்டுப் புத்தகத்தின்மேல் மரத்தூள் விழுந்தது, சலித்த மாவு மாதிரி. ஊதினேன். மறுபடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்க! எல்லாரும் கீழ இறங்குங்க!"

பாட்டு நின்றது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் மேடையிலிருந்து புன்னகை மாறாமல், "அதையே நல்லவிதமா சொல்லுங்கம்மா" என்றார்.

"எம் பொண்ணு உயிரோட வீடு வந்து சேரணும். அதான்யா என் கனவு."

அவர் முகம் வெளுத்தது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் படிக்குத் தள்ளிவிட்டார். கீழே இருந்தவர்களெல்லாம் முன்பக்கம் ஒதுங்கினோம். மகள் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கடைசிப் பிள்ளையின் கால் தரையில் பட்டபோது மேலே மளுக்கென்று ஒரு சத்தம். படியை ஒட்டிய பலகைகள் பொத்துக்கொண்டு விழுந்தன. போதகர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

யாரோ ஏணி தேடி ஓடினார்கள். அவர் அசையாமல் நின்று என்னைப் பார்த்தார்.

"தச்சரு நெஜமாவே என்னம்மா எழுதியிருந்தாரு?"

எல்லார் முன்னாலும் சொன்னேன், ஒரு வார்த்தைகூட மாற்றாமல். "உத்திரம் உள்ளுக்குள் உளுத்துவிட்டது. ஒரு ஆள்கூட ஏறக் கூடாது."

மெல்லத் தலையாட்டினார். பிறகு குனிந்து தன் காலடியைப் பார்த்தார். ஏணி இன்னும் வரவில்லை.